சொந்த வயலே பள்ளிக்கூடம் – சீமன் நாப் அவர்களின் வாழ்க்கை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நமக்குத் தெரிந்த தலைவர்களைப் பற்றி மற்ற அக்காங்க எழுதுவாங்க. நான் கொஞ்சம் தூரத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சீமன் நாப். அமெரிக்கா நாட்டுக்காரர். விவசாயியாக இருந்து, வயசான காலத்தில் அரசாங்க வேளாண்மைத் துறை அதிகாரி ஆனவர். அந்த நாட்டு விவசாயத் துறையில் இவர் பெயரை அறியாதவங்க குறைவு. அவர் காலமாகி நூறு வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது.

இவரை நான் ஏன் எடுத்தேன் என்றால், நாம எத்தனையோ பயிற்சிக்குப் போகிறோம். மண்புழு உரம், காளான் வளர்ப்பு, பஞ்சகவ்யம் என்று நோட்டுல எழுதிக்கிட்டு வர்றோம். வீட்டுக்கு வந்தா அந்த நோட்டு பரண் மேலே போயிடும். ஏன் செய்யலைன்னு கேட்டா, பொம்பளைங்களுக்கு அக்கறை இல்லைன்னு சுலபமா சொல்லிடுவாங்க. அது அக்கறைக் குறைவு இல்லை, கையில இருக்கிறதும் போயிடுமோ என்கிற பயம் என்று புரிந்துகொண்ட அதிகாரி இந்த நாப். அந்தப் பயத்துக்கு அவர் என்ன வழி செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

வாத்தியார் விவசாயி ஆன கதை

சீமன் நாப் 1833-ம் வருஷம் டிசம்பர் 16-ம் தேதி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பா வைத்தியர். நாப் கல்லூரிப் படிப்பை 1856-ல் முடித்தார். அதே வருஷம் மரியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு வாத்தியார் வேலை. பெண்கள் படிக்கிற ஒரு கல்லூரியையும் நடத்தினார். அந்தக் காலத்துல பெண்ணுக்குப் படிப்பு எதுக்குன்னு கேட்கிறவங்க அங்கேயும் நிறைய பேர் இருந்தாங்க.

நல்லா போய்க்கிட்டிருந்த வாழ்க்கையில ஒரு இடி விழுந்தது. விளையாட்டு ஒன்றில் முழங்காலில் அடிபட்டு நடக்க முடியாமல் போய்விட்டது. முப்பது வயசைக் கொஞ்சம் தாண்டிய ஆள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம். நகரத்து வேலையை விட்டுவிட்டு 1866-ல் குடும்பத்தோடு அயோவா மாநிலத்துக்குப் போனார். அது புல்வெளியாகப் பரந்து கிடந்த கருமண் பூமி. அங்கே நிலம் வாங்கி ஆடு வளர்க்க ஆரம்பித்தார். முதல் பனிக்காலத்திலேயே குளிர் தாங்காமல் ஆடுகள் பெரும்பாலும் செத்துப்போயின.

நம்ம வீட்டுல ஒரு கறவை மாடு செத்தாலே மூணு நாள் அடுப்பு சரியா எரியாது. மந்தையே போனா எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த நஷ்டத்தை அனுபவிச்ச மனுஷன் என்கிறதை நினைவுல வச்சுக்கோங்க. பின்னால அதிகாரியாகி ஊர் ஊராகப் போனபோது, விவசாயிக்கு நஷ்டம்னா என்னன்னு இவருக்குப் பட்டுத் தெரியும்.

நாப் சோர்ந்து உட்காரவில்லை. பக்கத்தில் வின்டன் என்ற ஊருக்குக் குடிபோனார். அங்கே இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு 1869-லிருந்து 1875 வரை பொறுப்பாளராக இருந்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. மறுபடியும் பண்ணைக்குத் திரும்பினார். இந்தத் தடவை நல்ல ஜாதி மாடும் பன்றியும் வளர்த்தார். தான் கற்றதை மற்ற விவசாயிகளுக்குச் சொல்ல 1872-ல் ஒரு விவசாயப் பத்திரிகையும் தொடங்கினார்.

அவருடைய பண்ணையைப் பார்த்து அயோவா வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியராக வரச்சொன்னார்கள். பிறகு அந்தக் கல்லூரிக்கே தலைவர் ஆனார். விவசாயத்துக்கு ஆராய்ச்சி நிலையங்கள் அரசாங்கச் செலவில் வேண்டும் என்று சட்ட வரைவு ஒன்றை எழுதுவதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்த முயற்சி அப்போது நிறைவேறவில்லை. ஆனால் 1887-ல் வந்த ஆராய்ச்சி நிலையச் சட்டத்துக்கு அதுவே முன்னோடி.

யாரும் நம்பாத நிலம்

ஐம்பது வயசுக்கு மேலே நாப் இன்னொரு புது இடத்துக்குப் போனார். அது தெற்கே கடலோரத்தில் இருக்கிற லூசியானா மாநிலம். ஒரு கம்பெனி அங்கே பத்து லட்சம் ஏக்கருக்கு மேலே நிலம் வாங்கிப் போட்டிருந்தது. ஆனால் குடியேற ஆள் வரவில்லை. மாடு மேய்க்கத்தான் இந்த நிலம் ஆகும், வேற எதுக்கும் ஆகாது என்று உள்ளூர்க்காரர்களே சொன்னார்கள். வெளியூர்லேர்ந்து நிலம் பார்க்க வர்றவங்க உள்ளூர்க்காரங்க பேச்சைத்தானே கேட்பாங்க?

நாப் நோட்டீஸ் அடித்துப் பார்த்தார், பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. அப்புறம் ஒரு யோசனை செய்தார். வடக்கிலிருந்து கெட்டிக்கார விவசாயிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு வட்டாரத்துக்கு ஒரு குடும்பம் என்று சலுகை கொடுத்துக் குடிவைத்தார். அவர்கள் பயிர் செய்து விளைய வைத்தார்கள். நிலம் பார்க்க வந்தவர்கள் அந்த வயலைக் கண்ணால் பார்த்தார்கள். அதற்கப்புறம் வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் வந்து குடியேறினார்கள். மாடு மேய்த்துக் கொண்டிருந்த உள்ளூர்க்காரர்களும் அதைப் பார்த்து விவசாயத்தில் இறங்கினார்கள்.

நாப் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டார். நூறு பேச்சு செய்ய முடியாததை ஒரே ஒரு பக்கத்து வயல் செய்துவிடும்.

அந்தப் பகுதி நெல்லுக்கு ஏற்ற மண். மேலே கொஞ்சம் வண்டல், அடியில தண்ணி இறங்காத களிமண். அதுவரை அங்கே நெல் விதைத்தவர்கள் பள்ளமான இடத்தில் விதைத்துவிட்டு மழைக்காகக் கடவுளை வேண்டிக்கொள்வார்கள். நம்ம ஊரு வானம் பார்த்த பூமி மாதிரிதான். புதிதாக வந்தவர்கள் கோதுமை அறுக்கிற இயந்திரத்தை நெல் அறுக்கப் பயன்படுத்தினார்கள். நீராவி இன்ஜின் வைத்து ஓடைத் தண்ணீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றினார்கள். மாடு மேய்ந்த காடு நெல் விளைகிற சீமையாக மாறியது.

ஆனால் ஒரு குறை. அங்கே விளைந்த நெல்லை மில்லில் அரைத்தால் பாதிக்கு மேலே நொய்யாகப் போனது. முழு அரிசிக்குத்தானே விலை? நம்ம வீட்டுல அரைச்சுட்டு வந்த அரிசி குருணையா இருந்தா மனசு எப்படி அடிச்சுக்கும்! அதற்கு வழி தேடும்போதுதான் நாப் அரசாங்க வேலைக்குள் வந்தார்.

அரசாங்கம் கூப்பிட்டது

அப்போது அமெரிக்க மத்திய அரசில் வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் ஜேம்ஸ் வில்சன். அவரும் அயோவாவில் நிலம் உழுத விவசாயிதான். நாப்பைப் பல வருஷமாகத் தெரிந்தவர். அவர் 1898-ல் நாப்பை அழைத்து, நல்ல நெல் ரகம் தேடி ஆசிய நாடுகளுக்குப் போய்வரச் சொன்னார். அப்போது நாப்புக்கு 64 வயசு. கப்பலில் ஜப்பானுக்குப் போனார். நெல்லைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்னா நெல்லு சாப்பிடுகிற சனங்ககிட்டத்தானே போகணும்! கியூஷு என்ற தீவின் பெயரில் வழங்கிய நெல் ரகத்தில் 10 டன் விதையோடு 1899-ல் திரும்பினார். அது அரைக்கும்போது அதிகம் உடையாத ரகம். லூசியானா விவசாயிகளிடம் அது பரவியது.

இத்தோடு நின்றிருந்தாலும் நல்ல மனுஷன் என்று பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அவருடைய பெரிய வேலை இனிமேல்தான் ஆரம்பம். அப்போது அவருக்கு 69 வயசு. நம்ம ஊருல அந்த வயசுல பெரியவங்களைத் திண்ணையில உட்கார வச்சிடுவோம்.

பருத்திக்கு வந்த கேடு

அமெரிக்காவின் தெற்குப் பகுதி முழுக்கப் பருத்திச் சீமை. 1892 வாக்கில் மெக்சிகோ நாட்டிலிருந்து எல்லையைத் தாண்டி டெக்சாஸ் மாநிலத்துக்குள் ஒரு வண்டு வந்தது. கால் அங்குலம்தான் இருக்கும், நீளமான மூக்கு உள்ள கூன்வண்டு. பருத்திச் சப்பைக்குள் மூக்கால் துளை போட்டு முட்டை வைக்கும். உள்ளே புழு தின்னும். சப்பை உதிர்ந்துவிடும். செடி பச்சைப்பசேல்னு நிற்கும், காய் மட்டும் இருக்காது. வருஷத்துக்கு வருஷம் மைல் கணக்காக அது முன்னேறி வந்தது.

2018-ல நம்ம பக்கம் மக்காச்சோளத்துல படைப்புழு வந்தப்போ பட்ட பாடு பல பேருக்கு ஞாபகம் இருக்கும். குருத்தைப் பிரிச்சுப் பார்த்தா புழு உட்கார்ந்திருக்கும். மருந்துக்கடைக்காரர் சொன்னதையெல்லாம் வாங்கி அடிச்சோம். அதைவிடப் பெரிய கஷ்டம் அந்தப் பருத்தி விவசாயிகளுக்கு. அவங்க சாகுபடியே கடன்ல ஓடினது. பருத்தி விளைஞ்சா தருகிறோம் என்று சொல்லித்தான் கடையில மளிகை, விதை, துணி எல்லாம் வாங்குவாங்க. வண்டு வந்ததும் கடைக்காரர் கடன் கொடுக்கப் பயந்தார். பேங்க் பயந்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

வண்டைச் சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. விஞ்ஞானிகள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சீக்கிரம் காய்க்கிற ரகத்தை முன்பட்டத்தில் விதைக்க வேண்டும். வண்டு பெருகும் முன்னே காய் பிடித்துவிடும். வரிசைக்கு வரிசை நல்ல இடைவெளி விட வேண்டும். அடிக்கடி இடை உழவு ஓட்ட வேண்டும். உதிர்ந்த சப்பையைப் பொறுக்கி அழிக்க வேண்டும். பருத்தி எடுத்ததும் மாரைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அப்போதுதான் வண்டு தங்க இடம் இல்லாமல் போகும்.

இதெல்லாம் அச்சடித்த தாளில் இருந்தது. ஆனால் விவசாயிகள் செய்யவில்லை. அரசாங்கமே சில இடங்களில் தன் செலவில் மாதிரிப் பண்ணை வைத்துக் காட்டியது. சனங்க வந்து பார்த்தாங்க, தலையை ஆட்டினாங்க, போயிட்டாங்க. அரசாங்கத்துக்கிட்ட பணம் இருக்கு, ஆள் இருக்கு, விளையுது. நம்மால முடியுமா? அவங்க கேட்டதும் நியாயம்தானே.

டெர்ரல் ஊரில் நடந்தது

1903-ம் வருஷம் பிப்ரவரி மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் டெர்ரல் என்ற ஊரில் கூட்டம் கூட்டினார்கள். நாப் ஊராரிடம் தன் யோசனையைச் சொன்னார். பண்ணை அரசாங்கத்துடையதாக இருக்கக் கூடாது. உங்க ஊர் விவசாயி ஒருத்தரே, தன் சொந்த நிலத்தில், தன் கையால் செய்ய வேண்டும். அரசாங்கம் ஒரு காசு கொடுக்காது. எப்படிச் செய்வது என்று மட்டும் நாங்கள் சொல்லித் தருவோம். லாபம் வந்தால் அது அந்த விவசாயிக்கு. நஷ்டம் வந்தால் அதை ஊர் சேர்ந்து ஈடு கட்ட வேண்டும்.

இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம், சகோதரிகளே. ஊர் வியாபாரிகளும் பேங்க்காரர்களும் சேர்ந்து நஷ்டத்துக்கு ஈடாக ஒரு நிதி திரட்டினார்கள். விவசாயி கெட்டால் கடையும் பேங்கும் கெடும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. வால்டர் போர்ட்டர் என்ற விவசாயி தன் நிலத்தில் 70 ஏக்கரை இதற்கு ஒதுக்கினார்.

போர்ட்டர் சொன்னபடி உழுதார், விதைத்தார், இடை உழவு ஓட்டினார். ஊரே அந்த வயலைப் பார்த்துக்கொண்டு போனது. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தபோது, பழைய முறையில் செய்திருந்தால் கிடைத்திருப்பதைவிட 700 டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்று போர்ட்டரே சொன்னார். அந்தக் காலத்தில் 700 டாலர் பெரிய தொகை. ஊர் திரட்டிய நஷ்ட நிதியைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆனால் அந்த நிதி வீணாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? அது இருந்ததால்தான் போர்ட்டர் துணிந்து இறங்கினார். எடுக்காத பணமும் வேலை செய்யும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? குழுவில் சேமிப்பு இருக்கிறது என்ற தைரியத்தில்தானே நாம் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறோம்.

ஒரு வயலிலிருந்து ஏழாயிரம் வயல்

டெர்ரல் செய்தி பரவியது. 1904-ல் அரசாங்கம் வண்டை எதிர்க்க அவசர நிதி ஒதுக்கியபோது, அதில் ஒரு பங்கு நாப்பின் வேலைக்குக் கிடைத்தது. ஹூஸ்டன் நகரத்தில் அலுவலகம் போட்டார். அந்த ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 7,000 விவசாயிகள் தங்கள் சொந்த வயலில் செய்து காட்ட ஒப்புக்கொண்டார்கள்.

ஊர்களுக்குப் போய்ச் சொல்லித் தர ஆள் வேண்டும் அல்லவா? நாப் படித்த பட்டதாரிகளைத் தேடி அலையவில்லை. அந்தந்த வட்டாரத்திலேயே நன்றாக விவசாயம் செய்கிற, நாலு பேர் மதிக்கிற விவசாயிகளைத் தேர்ந்தெடுத்து ஊழியராக நியமித்தார். மண்ணு தெரிஞ்சவங்க, மனுஷங்களைத் தெரிஞ்சவங்க, அந்த ஊர் பேச்சு பேசுறவங்க. இப்போ நம்ம குழுக்களுக்குப் பயிற்சி தர்ற சமுதாய வளப் பயிற்றுநர்கள் நம்மில் இருந்தே வர்றாங்க இல்லையா, அதே மாதிரி.

முதலில் ஒரு ஊழியருக்குப் பல மாவட்டம். ரயில் ஏறி இறங்கியே காலம் போனது. அதனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு ஆள் என்ற ஏற்பாடு வந்தது. 1906 நவம்பரில் டெக்சாஸின் ஸ்மித் மாவட்டத்துக்கு ஸ்டாலிங்ஸ் என்ற விவசாயி அப்படி நியமிக்கப்பட்டார். அவர் சம்பளத்தில் ஒரு பங்கை உள்ளூர்க்காரர்களும் கொடுத்தார்கள்.

அதே மாதம் அலபாமா மாநிலத்தில் தாமஸ் கேம்பல் என்ற கறுப்பின இளைஞர் ஊழியரானார். கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்து விடுதலையாகி அப்போது நாற்பது வருஷம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம், ரயில் பெட்டி எல்லாவற்றிலும் அவர்களைத் தனியே பிரித்து வைத்திருந்த காலம். டஸ்கெகி என்ற ஊரில் கறுப்பின மக்களே நடத்திய கல்வி நிலையத்திலிருந்து, கலப்பை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றிய ஒரு வண்டி கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வண்டியைக் கேம்பல் ஓட்டிப் போனார். நாப்பின் திட்டமும் பிரிவினையை உடைக்கவில்லை. கறுப்பின விவசாயிகளுக்குத் தனி ஊழியர்தான், அதுவும் எண்ணிக்கையில் குறைவு. சொந்த நிலம் உள்ளவனுக்குக் கிடைத்த பலன் வாரத்துக்கு உழுதவனுக்கு அதே அளவு கிடைக்கவும் இல்லை. நல்ல திட்டத்திலும் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கத்தான் வேண்டும். நம்ம கூட்டமைப்புக்கும் அது பொருந்தும்.

நாப் விவசாயிகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதிவைத்தார். ஆழ உழுவது, நல்ல விதையைப் பொறுக்கி வைப்பது, தேவையான இடைவெளி விடுவது, இடை உழவு ஓட்டுவது, தொழுவுரமும் பயறு வகைகளும் போட்டு மண்ணை வளமாக்குவது, பயிரை மாற்றிப் போடுவது, நல்ல கருவியும் குதிரைகளும் வைத்து வேலையை விரைவாக முடிப்பது, கழிவு வீணாகாமல் கால்நடை வளர்ப்பது, வீட்டுக்கும் மாட்டுக்கும் வேண்டிய உணவைத் தன் நிலத்திலேயே விளைவிப்பது. பத்தாவது என்ன தெரியுமா? கணக்கு எழுதுவது. எந்தப் பயிரில் லாபம், எதில் நஷ்டம் என்று தனித்தனியாக எழுதி வைக்கச் சொன்னார். நம்ம பஞ்ச சூத்திரத்திலும் கணக்குப் பதிவேடு ஒன்று இல்லையா? இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள்ளே

பெரியவங்க சில பேரு எதைச் சொன்னாலும் அசையமாட்டாங்க. அதற்கும் அங்கே ஒரு வழி பிறந்தது. 1907-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பள்ளி அதிகாரி ஒருவர் பையன்களுக்கு மக்காச்சோள மன்றம் தொடங்கினார். ஒவ்வொரு பையனும் அப்பாவிடம் ஒரு ஏக்கர் வாங்கி, புது முறையில் பயிர் செய்ய வேண்டும். நாப் இதைப் பிடித்துக்கொண்டு தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரப்பினார். 1910-ல் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு பையன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேலே எடுத்தான். ஒரு புஷல் மக்காச்சோளம் ஏறக்குறைய 25 கிலோ. அக்கம்பக்கத்தில் பெரியவர்கள் எடுத்ததைப் போலப் பல மடங்கு. மகன் வயலைப் பார்த்த அப்பாவுக்கு அப்புறம் என்ன சொல்ல இருக்கிறது?

அதே 1910-ல், அதே தென் கரோலினாவில், ஏய்கன் மாவட்டத்தில் மேரி குரோமர் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியை, பையன்களுக்கு மட்டும்தானா என்று யோசித்து, பெண் பிள்ளைகளுக்குத் தக்காளி மன்றம் தொடங்கினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. நம்ம கணக்குக்குச் சரியாகப் பத்து சென்ட். தக்காளி நட்டு, வளர்த்து, பறித்து, வேகவைத்து, டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். முதல் வருஷமே ஒரு பெண் பத்து சென்ட்டில் விளைந்ததை 512 டப்பாவில் அடைத்து, செலவு போக 40 டாலர் சம்பாதித்தாள்.

இந்த வேலையை நாப் மனசார ஆதரித்தார். அந்த வருஷமே வர்ஜீனியா மாநிலத்தில் எல்லா ஆக்னியூ என்ற பெண்ணை இதற்கென்று ஊழியராக நியமித்தார். வயலுக்கு ஆண் ஊழியர் போவது போல, வீட்டு வேலைக்கும் தோட்டத்துக்கும் பெண் ஊழியர் போகிற வழக்கம் இதிலிருந்து வளர்ந்தது. மகள் டப்பா அடைப்பதைப் பார்த்து அம்மாவும் கற்றுக்கொண்டாள். பிறகு கோழி, முட்டை, வெண்ணெய் என்று பெண்கள் கைக்குக் காசு வர ஆரம்பித்தது. அடுப்படியில் வேகிற பெண்ணுக்கும் தொழில் கற்றுத்தர அரசாங்கம் ஆள் அனுப்ப வேண்டும் என்பது அன்றைக்குப் புதிய எண்ணம்.

அவர் போன பிறகு

நாப் ஓய்வே எடுக்கவில்லை. எழுபது வயசைத் தாண்டியும் ஊர் ஊராகப் போனார், கூட்டங்களில் பேசினார், ஊழியர்களுக்கு வழி சொன்னார். 1911-ம் வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி வாஷிங்டனில் 77 வயசில் காலமானார். தான் முன்பு பேராசிரியராக இருந்த அயோவா கல்லூரி வளாகத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் விட்ட வேலையை அவர் மகன் பிராட்ஃபோர்டு எடுத்து நடத்தினார்.

அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1914 மே 8-ல் ஸ்மித்–லீவர் சட்டம் என்று ஒரு சட்டம் வந்தது. நாப் தெற்கு மாநிலங்களில் செய்து காட்டிய முறை அதனால் நாடு முழுவதற்கும் ஆனது. மத்திய அரசு, மாநில அரசு, வேளாண்மைக் கல்லூரி மூன்றும் சேர்ந்து மாவட்டந்தோறும் ஊழியர் வைத்து விவசாயமும் வீட்டு நிர்வாகமும் சொல்லித் தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். வாஷிங்டனில் வேளாண்மைத் துறையின் இரண்டு பெரிய கட்டிடங்களைச் சாலைக்கு மேலே இணைக்கிற இரண்டு வளைவுப் பாலங்களில் ஒன்றுக்கு நாப் பெயர், இன்னொன்றுக்கு அவரை அழைத்த வில்சன் பெயர் வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் விவசாயிக்கும் நடுவில் பாலமாக இருந்தவருக்குப் பாலத்தில் பெயர் வைத்தது பொருத்தம்தான்.

அவருடைய முறை பிறகு பல நாடுகளுக்கும் போனது. நம்ம ஊரில் உதவி வேளாண்மை அலுவலர் வந்து ஒரு விவசாயியின் நிலத்தில் செயல்விளக்கத் திடல் என்று பலகை நட்டு வைக்கிறாரே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

நமக்கு என்ன

நாப்பின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று விஷயம்.

முதலாவது, காதால கேட்டதையும் கண்ணால பார்த்ததையும் மனசு சந்தேகப்படும். தன் கையால் செய்து பார்த்ததைச் சந்தேகப்பட முடியாது. அதனால் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் செய்யணும்னு தீர்மானம் போடுவதைவிட, குழுவுக்கு ஒரு ஆள் பத்து சென்ட்டுல செய்து பார்க்கட்டும். மாதிரி நிலத்தை வசதியுள்ளவங்க வயல்ல வைக்க வேண்டாம். நம்மளைப் போல ஒரு ஆளு, தண்ணிக்கு முறை வச்சுப் பாய்ச்சுகிற ஒரு ஆளு செய்தாத்தான், அவளால முடிஞ்சா என்னாலயும் முடியும்னு தோணும்.

இரண்டாவது, செய்கிற ஆளைத் தனியா விடக் கூடாது. எங்க குழுவில் ஒரு அக்கா ரசாயன உரம் போடாமல் கால் ஏக்கர் கத்தரி வைக்க ஆசைப்பட்டாங்க. விளையலைன்னா வீட்டுல யார் பதில் சொல்றதுன்னு அவங்களுக்குக் கவலை. நாற்றுக்கும் உரத்துக்கும் ஆன செலவை நஷ்டம் வந்தா குழு ஏத்துக்கும் என்று தீர்மான நோட்டுல எழுதினோம். பன்னிரண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒரு டீ, வடை செலவுதான். ஆனா அந்த ஒரு வரி எழுதின பிறகுதான் அவங்க வீட்டுக்காரரும் சரின்னாரு. போர்ட்டருக்கு டெர்ரல் ஊர் செய்ததும் இதேதான் என்று பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மூன்றாவது, கணக்கு. விளைஞ்சதுன்னு வாயால சொன்னா போதாது. நாற்று எவ்வளவு, கூலி எவ்வளவு, நம்ம உழைப்புக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் படிக்க வேண்டும். நஷ்டம் வந்திருந்தாலும் படிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆள் அதே இடத்தில் அடிபடாமல் தப்பிப்பாள்.

ஆடு செத்து, கால் முடங்கி, ஊர் மாறி, 69 வயசில் ஒரு விவசாயியின் வயல் வரப்பில் நின்று தன் பெரிய வேலையைத் தொடங்கினார் அந்தப் பெரியவர். நமக்கு இன்னும் வயசு இருக்கிறது, சகோதரிகளே. வருகிற மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு பெயரையும் ஒரு பத்து சென்ட்டையும் முடிவு செய்யலாம். பக்கத்திலேயே, நஷ்டம் வந்தால் நாங்கள் இருக்கிறோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போடலாம்.